இரண்டாவது கியரில் இறக்கம்

நாற்பதாவது கொண்டை ஊசி வளைவின் பலகை ஜன்னலில் நிதானமாகத் திரும்பி மறைந்தபோது, நாச்சிமுத்து வாத்தியார் தன் வலது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருப்பதைக் கவனித்தார். அவர் உட்கார்ந்திருந்த பக்கத்தில் பிரேக் கிடையாது. காலடியில் இருந்தது ஒரு ரப்பர் விரிப்பும், வால்பாறையில் வாங்கிய டீத்தூள் பொட்டலமும்தான். டீத்தூளை அழுத்திக் காரை நிறுத்த முடியாது என்பது, முப்பது வருடம் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் பிரிவை நடத்தியவருக்குத் தெரியாத விஷயமல்ல, காலுக்குத்தான் தெரியவில்லை. பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சிகாமணி, அவர் மனைவியின் தம்பி, வயிறு நிறைந்த மனிதனுக்கே உரிய விசிலை அடித்துக்கொண்டிருந்தான். பின் சீட்டில் மனைவி அம்சவேணி சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அது அவள் அப்பா வாங்கிய கார்; அதன் பின் சீட்டில் உட்கார்ந்தால் ஆறாவது நிமிடம் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும், பாவாடை கட்டிய காலத்திலிருந்து அப்படித்தான் என்று சிகாமணி சொல்வான். மூன்று பேருக்கும் முன்னால், மூடிய பானெட்டுக்கு அடியில், நாலு பிஸ்டன்களும் எட்டு வால்வுகளும் ஒன்றையொன்று தொடாமல் ஓடிக்கொண்டிருந்தன. தொடாமல்தான் ஓடுகின்றனவா? அந்த இடத்தில்தான் அவர் மனம் மதியம் ஒன்றரை மணியிலிருந்து மாட்டிக்கொண்டு கிடந்தது, முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி. இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நகர முடியாது.

அந்த இன்ஜினின் மேல்பாதி அதனுடையது அல்ல. கார் செய்த கம்பெனி அந்தக் காலத்தில் ஒரே வம்சத்தில் இரண்டு இன்ஜின் வைத்திருந்தது, சின்னது ஒன்று, பெரியது ஒன்று. இந்தக் காரில் இருப்பது சின்னது. அதன் சிலிண்டர் ஹெட் போன மாசியில் விரிசல் விட்டது. புது ஹெட் கிடைக்காது, கம்பெனியே கிடையாது. மூன்று மாதம் தேடிக் கடைசியில் கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையொன்றில் பெரிய இன்ஜினின் ஹெட்டை அவர் கண்டெடுத்தார். போல்ட் ஓட்டை பத்துக்குப் பத்தும் சரியாக உட்கார்ந்தன. தண்ணீர் ஓட்டையில் இரண்டு மட்டும் ஒத்துவரவில்லை, அவற்றை அடைத்தார். பெரிய இன்ஜினுக்கு வால்வு பெரிது, வெடி அறையும் பெரிது. அதை அப்படியே சின்ன இன்ஜினில் வைத்தால் அழுத்தம் பத்தாமல் கார் கிழட்டு மாடு மாதிரி நடக்கும். ஆகவே ஹெட்டின் அடிப்பக்கத்தைப் பட்டறையில் ஒன்றரை மில்லிமீட்டர் சீவ வைத்தார். சீவினால் அழுத்தம் கூடும். கூடவே வால்வுகள் ஒன்றரை மில்லிமீட்டர் பிஸ்டனுக்குக் கிட்டே இறங்கும். பிஸ்டன் மேலே ஏறி வரும் நேரத்தில் வால்வு இன்னும் முழுதாக மூடியிருக்காது. இரண்டும் கிட்டத்தில் பார்த்துக்கொண்டு விலக வேண்டும், விரோதமுள்ள பங்காளிகள் கல்யாண வீட்டு வாசலில் விலகுவதுபோல. அந்த நெருக்கத்தில் இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். குறைந்தால் ஒருநாள் தொடும். தொட்டால் வால்வின் கழுத்து முறியும், முறிந்த துண்டு பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் நின்றுகொள்ளும், இன்ஜின் அப்படியே இறுகும், பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும். சமதளத்தில் அது ஒரு செலவு. முப்பத்தெட்டாவது வளைவில், ரோட்டோரத்து இந்த முழங்கால் உயரச் சுவருக்கு முன்னால், அது வேறு.

“என்ன மச்சா, மூச்சையே காணோம்? பரோட்டா நெஞ்சுல நிக்குதா?” என்றான் சிகாமணி. பரோட்டா என்ற சொல்லைக் கேட்டதும் வாத்தியாரின் கால் மறுபடி டீத்தூளை மிதித்தது. “ரோட்டப் பாத்து ஓட்டு மாப்ளே” என்றார். “ரோடு எங்கீங் போகுது, இங்கயேதான் கெடக்குது” என்று சொல்லி சிகாமணி ஆரனை இரண்டு தடவை அடித்து வளைவை எடுத்தான். இன்ஜின் முனகியது. இரண்டாவது கியர். இறக்கத்தில் இரண்டாவது கியர் என்பது வாத்தியாரின் சட்டம். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு, பிரேக்கை நம்பாதே, இன்ஜினை நம்பு. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்ட வாசகம். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றைக்குப் பாதி கொங்கு நாட்டில் லாரி ஓட்டுகிறார்கள். இப்போது அதே சட்டப்படி கார் தன் பாரத்தையெல்லாம் இன்ஜின் மேல் போட்டுக்கொண்டு இறங்கியது. இன்ஜின் நாலாயிரம் சுற்றில் கத்தியது. ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு இரண்டாயிரம் தடவை திறந்து மூடியது. மூன்றாவது கியருக்கு மாற்றச் சொன்னால் சுற்று குறையும், ஆனால் பிரேக் சூடாகும், பழைய டிரம் பிரேக், பத்து வளைவில் புகை வரும், அதற்குப் பிறகு பெடலில் கால் வைத்தால் பஞ்சு மூட்டையில் வைத்ததுபோல இருக்கும். வால்வைக் காப்பாற்றினால் பிரேக் போகும், பிரேக்கைக் காப்பாற்றினால் வால்வு போகும். மெதுவாகப் போகச் சொல்லலாம். முதல் கியரில், நடக்கிற வேகத்தில். ஆனால் காலையில் இதே ரோட்டில் ஏறும்போது “மிதி மாப்ளே, மிதி, இது பெரிய இன்ஜின் ஹெட்டு, மிதிச்சாத்தான் அதுக்கே தெரியும் தான் யாருன்னு” என்று தொடையில் தட்டிக் கூவியது யார்? மாப்பிள்ளை கேட்பான். ஏன் மச்சா மெதுவா என்பான். அந்த ‘ஏன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் மாவு இருந்தது.

மாவு. புத்தகத்தில் களிமண் என்றுதான் போட்டிருக்கிறது. சிறுபிள்ளைகள் பொம்மை செய்யும் மெழுகுக் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டை மாட்டி, கையால் இன்ஜினை இரண்டு முழுச்சுற்று சுற்றிவிட்டு, ஹெட்டைத் திரும்பக் கழற்றினால், வால்வு எவ்வளவு கிட்டே வந்தது என்று களிமண்ணில் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளத்தின் அடியை அறுத்து அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். பொள்ளாச்சியில் அன்று கடையடைப்பு. களிமண் விற்கும் ஸ்டேஷனரி கடை மூடியிருந்தது. பட்டறைக்குப் பக்கத்துப் பரோட்டாக் கடையில் மட்டும், சாயங்காலம் திறந்துகொள்ளலாம் என்று, முன்கூட்டியே மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஒரு நாள் காத்திருந்திருக்கலாம். ‘உத்தேசம் என்பது ஓர் அளவு அல்ல’ என்று மாணவர்களை வெயிலில் நிறுத்தியவர் ஒரே ஒரு நாள் காத்திருக்கவில்லை. இரண்டு உருண்டை வாங்கி வந்தார். வழுவழுவென்று, களிமண்ணைவிட நன்றாகவே இருந்தது. தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டதுகூட இப்போது ஞாபகம் வந்தது, அதுதான் அதிகம் வலித்தது. சுற்றினார். ஹெட்டைக் கழற்றுமுன் போன் வந்தது, பென்ஷன் அலுவலகத்திலிருந்து, உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டு. இருக்கிறேன் என்பதை நிரூபிக்க அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு கழற்றி, பிளேடால் அறுத்து, அளந்தார். இரண்டு புள்ளி நாலு. நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். இரண்டு புள்ளி நாலு. தேவைக்கு மேல் புள்ளி நாலு. இரண்டு வாரம் அந்தப் புள்ளி நாலின் மேல் தலைவைத்துத் தூங்கினார்.

இன்று ஒன்றரை மணிக்கு வால்பாறையில், ஒரு பரோட்டாக் கடையின் கல்லுக்கு எதிரே உட்கார்ந்து குருமாவுக்குக் காத்திருந்தபோது, பரோட்டா மாஸ்டர் ஒரு உருண்டையை உள்ளங்கையால் அழுத்திவிட்டுத் திரும்பி யாரிடமோ தீப்பெட்டி கேட்டார். வாத்தியார் சும்மா அந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நாலு விரல் தடம் ஆழமாக விழுந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடம் ஆழம் குறைந்தது. மாவு மெல்ல, யாருக்கும் தெரியாமல் எழுந்திருக்கும் ஆள் மாதிரி, மேலே வந்தது. விளிம்புகள் மழுங்கின. மாஸ்டர் பீடியைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பியபோது பாதித் தடம் காணாமல் போயிருந்தது. “இழுத்தா இழுபடும், விட்டா ஓடியாந்துரும். நல்லாப் பெசைஞ்ச மாவுன்னா அப்படித்தானுங்க” என்றார் மாஸ்டர், இவர் பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு. களிமண் அழுத்தினால் அழுந்திய இடத்திலேயே கிடக்கும். மாவு திரும்பி வரும். அரைமணி நேரம் இருந்தால் எவ்வளவு வரும்? இரண்டு புள்ளி நாலு என்பது மாவு எழுந்து வந்த பிறகு இருந்த உயரம். வால்வு அழுத்தியபோது இருந்தது ஒன்றரையா, ஒன்றா, அரையா, தாள் கனமா? குருமா வந்தது. அவர் சாப்பிட்டார். சாப்பிடாமல் இருந்தால் அம்சவேணி ஏன் என்று கேட்பாள்.

முப்பத்து மூன்று. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லையே என்று மனத்தின் ஒரு மூலை சொன்னது, பரீட்சை முடிவைத் தெரிந்துகொள்ளப் பயந்து வாசலில் நிற்கும் பையனுக்கு யாரோ ஆறுதல் சொல்வதுபோல. ஓடுவது ஓர் ஆதாரம் அல்ல என்று மறுமூலை சொன்னது. அதுவும் அவர் வாசகம்தான், அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல அவரே வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்திருந்தார். ஏற்றத்தில் மூன்றாயிரம் சுற்றைத் தாண்டியிருக்காது. இறக்கத்தில் நாலாயிரம். வால்வுக்கு மேடும் தெரியாது பள்ளமும் தெரியாது, சுற்று மட்டும்தான் தெரியும். சுற்று கூடினால் ஸ்பிரிங் வால்வை நேரத்துக்குள் இழுத்து மூட முடியாமல் கொஞ்சம் பின்தங்கும், பழைய ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் பின்தங்கும், பிஸ்டன் யாருக்காகவும் காத்திருக்காது. காதைத் தீட்டினார். டிக் டிக் டிக். அது வால்வைத் தட்டித் திறக்கும் டேப்பெட்டின் சத்தம், அது இருக்கட்டும். அதற்கு அடியில், ஒரு ‘டொக்’ கேட்டதா? கேட்டது. இல்லை, அது டேஷ்போர்டில் கிடந்த தண்ணீர் பாட்டில். பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி கேட்டது. மடியில் இருக்கும் பாட்டில் எப்படிச் சத்தம் போடும்? அது தன் நெஞ்சு என்று தெரிந்துகொள்ள ஒரு முழு வளைவு ஆயிற்று. காட்டுக்குள்ளிருந்து ஒரு குரங்கு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரியோடு, சுவரின் மேல் உட்கார்ந்து அவர்கள் போவதைப் பார்த்தது. அந்தச் சுவருக்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. உச்சி தெரியும் இடத்தில் வேர் எவ்வளவு கீழே இருக்கும்? அம்சவேணியின் தலை வளைவுக்கு வளைவு இடமும் வலமும் சாய்ந்தது. அவளுக்கு ஐம்பத்தாறு வயது. காலையில் கிளம்பும்போது, “டெஸ்ட்டு ஓட்டத்துக்கு நீ எதுக்கு” என்றார் அவர். “அப்பா காரு ஏறுதான்னு பாக்கோணும்” என்றாள். “நீங்க செஞ்ச வேலைதானுங்க, அப்பறம் என்ன பயம்?” என்றும் சொன்னாள். இத்தனை வளைவிலும் அவளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தது அந்த நம்பிக்கைதான்.

சொல்லிவிடலாம். ‘மாப்ளே, வண்டியை ஓரம் கட்டு’ என்று நாலே சொல். முதல் சொல்லிலேயே பழைய கணக்கு ஒன்று குறுக்கே வந்து நின்றது. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சீர் வீட்டில், அறுபது பேர் பந்தியில் இருக்க, பேட்டரியில் குழாய்த் தண்ணீர் ஊற்றியதற்காகச் சிகாமணியை அவர் நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். கால்சியம், மெக்னீசியம் என்று அட்டவணையே சொன்னார். சிகாமணி சிரித்துக்கொண்டுதான் கேட்டான். சிரித்துக்கொண்டு கேட்பவன் மறப்பதில்லை. இப்போது அவன் கையில் பரோட்டா மாவு கிடைத்தால் என்ன ஆகும்? அடுத்த கல்யாணத்தில் தொடங்குவான். “எங்க மச்சா இன்ஜினுக்கு மாவு வெச்சு அளந்தாருங்கோ, சால்னா ஊத்தலீங்.” பட்டறைக்குப் போகும், பஸ் டெப்போவுக்குப் போகும், பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்குப் போகும். சோப்பை வைத்துப் பெட்ரோல் டேங்க் ஒழுக்கை அடைத்ததற்காக அவர் ஒரு வாரம் வெளியே அனுப்பிய குழந்தைவேலுக்குப் போகும். அவன் இப்போது இரண்டு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். செத்த பிறகும் போகாத பெயர். செத்த பிறகு என்ற சொல்லில் மனம் தடுக்கி நின்றது. அதாவது, சொன்னால் சிரிப்பார்கள், சொல்லாவிட்டால் சாகலாம், இரண்டையும் அவர் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தராசின் முள் நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறது. தன் உயிரை ஒரு தட்டில் வைத்து ஆடினாலும் பரவாயில்லை. அதே தட்டில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் விசில் அடித்துக்கொண்டு, ஒருத்தி தூங்கிக்கொண்டு. இப்படி ஒரு ஆளா நான்? இல்லை, அடுத்த வளைவில் சொல்லிவிடுவேன். இருபத்தாறில். இருபத்தாறு போயிற்று. இருபத்தைந்து இரட்டைப்படை இல்லை, இருபத்து நாலில். இருபத்து நாலில் எதிரே லாரி வந்தது, அந்த நேரத்தில் பேசுவது முறையல்ல. “கொஞ்சம் மெதுவாப் போ மாப்ளே” என்று மட்டும் வாயிலிருந்து வந்தது, வேறு யாரோ சொன்னதுபோல. “நாலு மணிக்குள்ள ஆழியாறு தாண்டோணும் மச்சா, மழை வருது பாருங்” என்றான் சிகாமணி. கீழே அணையின் தண்ணீர் ஒரு துண்டு ஈயத்தகடு மாதிரி கிடந்தது. அதன் மேல் மழை ஒரு திரையாக நடந்து வந்துகொண்டிருந்தது.

பத்தொன்பதைத் தாண்டியதும் ரோடு கொஞ்சதூரம் நேராக இறங்குகிறது. சிகாமணி பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். கார் ஓடத் தொடங்கியது. இரண்டாவது கியரிலேயே ஓடத் தொடங்கியது, வாத்தியாரின் சட்டத்தை அவ்வளவு விசுவாசமாக அவன் வேறு எந்த நாளும் கடைப்பிடித்ததில்லை. இன்ஜினின் குரல் முனகலிலிருந்து ஓலத்துக்கு ஏறியது. நாலாயிரத்து ஐந்நூறு. நாலாயிரத்து எழுநூறு. டிக் டிக் என்று தனித்தனியாகக் கேட்ட சத்தமெல்லாம் ஒரே கோடாக நீண்டது, அந்தக் கோட்டுக்குள் எதையும் பிரித்துக் கேட்க முடியவில்லை, தொடுகிறதா தொடவில்லையா, அவர் கண் முன்னால் எட்டு வால்வுகளின் கழுத்துகள், பென்சில் பருமன்கூட இல்லாத கழுத்துகள், ஒரு மயிரிழை வளைந்து, நிமிர்ந்து, வளைந்து, நிமிர்ந்து, அம்சவேணியின் வளையல் கண்ணாடியில் தட்டும் சத்தம், பதினெட்டின் பலகை பெரிதாகிக்கொண்டே வந்தது, சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது.

“நிறுத்துடா!”

அவர் மாப்பிள்ளையை ‘டா’ போட்டது அதுவே முதல் தடவை. சிகாமணி பயந்துபோய் பிரேக்கின் மேல் ஏறி நின்றான். கார் மண் ஓரத்தில் குலுங்கி நின்றது. இன்ஜின் ஒன்றும் நடக்காததுபோல டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியார் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தார். வந்த அமைதியில் எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. “என்னாச்சுங் மச்சா? நெஞ்சு வலிக்குதுங்களா?” சிகாமணியின் முகத்தில் கேலியின் நிழல்கூட இல்லை. அதனால்தானோ என்னவோ, சொல்ல முடிந்தது. களிமண், கடையடைப்பு, உருண்டை, போன், இரண்டு புள்ளி நாலு, கல்லுக்கு எதிரே எழுந்து வந்த விரல் தடம். வகுப்பில் சொல்வதுபோல வரிசையாகவே சொன்னார். வேறு மாதிரி சொல்ல அவருக்குத் தெரியாது. சிகாமணி வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், “பரோட்டா மாவுங்களா?” என்றான். “ஆமா.” “மைதாவுங்களா?” “மைதாதான்.” சிகாமணியின் உதட்டோரம் துடித்தது. அவன் சிரிக்கப்போகிறான், சிரிக்கட்டும், சிரித்துத் தொலைக்கட்டும் என்று வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பு வரவில்லை. அவன் பார்வை இவரைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது.

அம்சவேணி விழித்திருந்தாள். எப்போது விழித்தாள் என்று தெரியவில்லை. சால்வையை மடித்து மடியில் வைத்திருந்தாள். “ஏறும்போதே தெரியுங்களா உங்களுக்கு?” என்றாள். “இல்ல, அம்சா. சத்தியமா இல்ல. சாப்புடறப்பத்தான்.” “சாப்புடறப்ப.” அவள் ஜன்னல் வழியே பலகையைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணவில்லை. அவள் கணக்கில் கெட்டிக்காரி. “இருவத்திரண்டு வளைவு” என்றாள். “இருவத்திரண்டு வளைவும் நான் உங்க பின்னால தூங்கீட்டு வந்திருக்கறேன்.” கதவைத் திறந்து இறங்கினாள், செருப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டாள், பையை எடுத்துக்கொண்டாள், ரோட்டின் மலைப்பக்கமாக இறக்கத்தில் நடக்கத் தொடங்கினாள். “அக்கா! அக்கோவ்! மழை வருதுக்கா!” என்று சிகாமணி கத்தினான். அவள் திரும்பவில்லை. “முதல் கியர்ல போடு” என்றார் வாத்தியார். “நடக்கற வேகம். சுத்து ஏறாது. ஒண்ணும் ஆகாது.” சிகாமணி சாவியைத் திருப்பினான். “இதை நாப்பதுலயே சொல்லியிருக்கலாமுல்லங் மச்சா” என்றான், மிகவும் மெதுவாக. அதில் கேலி இல்லாதது கேலியைவிட மோசமாக இருந்தது.

இப்படியாக ஒரு பெண்மணி பை தொங்க முன்னால் நடக்க, ஒரு பழைய கார் ஊர்வலத்து யானைபோல அவளுக்குப் பின்னால் ஊர்ந்தது. பதினேழில் தூறல் தொடங்கியது. வாத்தியார் கதவைத் திறந்து இறங்கி, குடை இல்லாமல், அவளுக்குப் பத்தடி பின்னால் நடந்தார். கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு தடவையும் தனக்குத் தெரியாது என்று அவர் அவளிடம் சொன்னதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை. பின்னால் ஆரன் கேட்டது. பொள்ளாச்சி பஸ், முன்விளக்கு எரிய, வளைவைச் சுற்றி இறங்கி வந்தது. அம்சவேணி கையை நீட்டினாள். பஸ் நின்றது. “அம்சா” என்றார் அவர். அவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். நனைந்த முகத்தில் கோபம் தெரியும் என்று எதிர்பார்த்தார். அது இல்லை. புது ஆளைப் பார்ப்பதுபோல, அடையாளம் வைத்துக்கொள்வதுபோலப் பார்த்தாள். “அவனத் தனியா உட்டுட்டு வராதீங்க. பக்கத்துலயே உக்காந்துட்டு வாங்க” என்றாள். “பத்திரமா வந்து சேருங்க. ஊட்டுல பேசிக்கலாம்.” கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் அடுத்த வளைவில் மறைந்தது.

அவர் காருக்குத் திரும்பி வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சிகாமணி முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டான். டிக் டிக் டிக் என்று இன்ஜின் சீராக, ஆரோக்கியமாக, நூறு கிலோமீட்டர் போனாலும் நிற்காது என்பதுபோல ஓடியது. பதினாறு. பதினைந்து. இன்ஜினைப் பற்றிய பயம் தன்னைவிட்டுப் போய்விட்டதை வாத்தியார் கவனித்தார். அது இருந்த இடம் காலியாகவும் இல்லை, ‘ஊட்டுல பேசிக்கலாம்’ அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. பத்தாவது வளைவில் மழை விட்டு, கீழே சமவெளியும், தென்னந்தோப்புகளும், பொள்ளாச்சிக்குப் போகும் நேர்கோட்டு ரோடும் தெளிவாகத் தெரிந்தபோது, வண்டி உண்மையிலேயே பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவருடைய வலது கால் மறுபடி டீத்தூளை அழுத்தியது.